சிந்தாத செம்பு

மாமாவின் வண்டியில் போகிறவர்கள் ஏறும்போது ஒரு தடவையும் இறங்கும்போது ஒரு தடவையும் சாமி கும்பிடுவார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. மாமா என்றால் என் அம்மாவின் தம்பி. குடவாசலுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. தெருவில் எல்லோரும் நடவுக்கும் அறுப்புக்கும் போய்க்கொண்டிருந்த காலத்தில் மாமா மட்டும் டிரைவிங் பழகி, பழைய மாருதி வேன் ஒன்றைப் பிடித்து வாடகைக்கு ஓட்டினார். முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டது, ரயில் போய்விடும் என்கிற அவசரக்காரர்களுக்கெல்லாம் அவர்தான். மயிலாடுதுறையில் ரயிலை விட்டுவிட்ட ஒருவரை விரட்டிக்கொண்டு போய் அடுத்த ஸ்டேஷனில் அதே ரயிலில் ஏற்றிவிட்ட கதையை அவர் வாயாலேயே நூறு தடவை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அந்த ரயிலின் வேகம் கொஞ்சம் கூடிக்கொண்டே போகும்.

அந்த மனிதர்தான் ஒரே வருடத்தில் ஊரிலேயே மெதுவாக வண்டி ஓட்டுகிறவராக மாறிப்போனார்.

மாமாவுக்குக் கல்யாணமான மறுவருடம் அத்தை உண்டாகியிருந்தாள். ஐந்தாம் மாதத்தில், மயிலாடுதுறையில் ஒரு கல்யாணத்துக்கு மாமா அவளை மோட்டார் சைக்கிளில் உட்காரவைத்து அழைத்துப்போனார். போய் வந்த நான்காம் நாள் கரு கலைந்துவிட்டது. கும்பகோணத்தில் பார்த்த டாக்டரம்மா, இதற்கும் வண்டிக்கும் சம்பந்தமில்லை, சில சமயம் இப்படி ஆகும், அடுத்தது நன்றாக இருக்கும் என்று பொறுமையாகச் சொல்லித்தான் அனுப்பினார். மாமா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக மோட்டார் சைக்கிளை விற்றார்.

இரண்டாம் தடவை அத்தை உண்டானபோது எனக்கு ஒன்பது வயது. கோடை விடுமுறை. மாதம் ஒரு தடவை கும்பகோணத்துக்கு வந்து காட்டிவிட்டுப் போக வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். பயணம் செய்யலாம், தப்பில்லை. ஆனால் அவசரப்பட்டு ஓட்டக் கூடாது, நடுவில் இறங்கிக் கொஞ்சம் நடக்க வேண்டும், இடுப்புக்குப் பின்னால் ஒரு தலையணை வைத்துக்கொள்ள வேண்டும், வழியில் தண்ணீர் குடித்துக்கொண்டே வர வேண்டும். இவ்வளவுதான் அவர் சொன்னது. மாமாவுக்கு இது போதவில்லை.

தெருப் பெண்கள் தங்கள் பங்குக்கு வேறு சொன்னார்கள். பிள்ளைத்தாச்சி ஆறு தாண்டக் கூடாதாம். எங்கள் பக்கத்தில் ஆறு தாண்டாமல் தீப்பெட்டிகூட வாங்க முடியாது. எப்படிப் போனாலும் நாலு பாலம் வரும். கடைசியில் அவர்களே இரக்கப்பட்டு, மடியில் ஒரு கொத்து வேப்பிலை வைத்துக்கொண்டால் தாண்டலாம் என்று சட்டத்தைத் தளர்த்தினார்கள். அம்மா அதற்கென்றே ஒரு வேப்பங்கன்றை வீட்டுப் பின்னால் காவல் காத்தாள்.

மாமாவின் கவலை ஆறு இல்லை, பாலத்தில் ஏறும் இடத்திலும் இறங்கும் இடத்திலும் வண்டி தூக்கிப்போடுவதுதான். எங்கள் ஊரிலிருந்து கும்பகோணத்துக்கு மூன்று வழி. நாச்சியார்கோவில் வழியாகப் போகிற பெரிய ரோடு ஒன்று. ஆற்றங்கரையை ஒட்டிப் போகிற, பஸ் வராத ரோடு ஒன்று. மூன்றாவது சுற்றுவழி. வலங்கைமான் போய், பட்டீஸ்வரம் பக்கமாகத் திரும்பி, தாராசுரத்தில் ஏறி ஊருக்குள் நுழைய வேண்டும். இதில் எது குலுங்காத ரோடு என்று மாமா சோதித்துப் பார்க்க முடிவு செய்தார். சோதனைக்கு அவர் தேர்ந்தெடுத்த ஆள் நான்.

ஒரு பித்தளைச் செம்பில் விளிம்பு தட்டத் தண்ணீர் நிரப்பினார். பின் சீட்டில் என்னை உட்காரவைத்து, மடியில் ஒரு தாம்பாளத்தை வைத்து, அதன்மேல் செம்பை வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளச் சொன்னார்.

"ஆட்டாமப் பிடிக்கணும் பாப்பா. இதுதான் அத்தை வயிறுன்னு நெனச்சுக்க. தட்டுல எவ்வளவு தண்ணி விழுதோ, அதான் ரோட்டோட லட்சணம்."

"எல்லா ரோட்டுலயும் ஒரே வேகத்துல போவீங்களா மாமா?"

"முள்ளு முப்பதைத் தாண்டாது. தாண்டுனா நீயே கத்து."

வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் தெருவே சிரித்திருக்கும். மாமாவின் முகத்தைப் பார்த்து ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்கு மட்டும் அது விளையாட்டாக இருந்தது. எந்த ரோடு ஜெயிக்கிறதோ அந்த வழியில்தான் மாதாமாதம் அத்தையை அழைத்துப்போவேன், லீவு நாளாக இருந்தால் நீயும் வரலாம் என்று மாமா சொல்லியிருந்தார். தாராசுரம் வழியென்றால் கோயில் புல்வெளியில் ஓடலாம், வாசலில் பால் ஐஸ் வாங்கித் தருவேன் என்றும் சொல்லியிருந்தார். எது ஜெயிக்க வேண்டும் என்று அப்போதே எனக்கு முடிவாகிவிட்டது.

முதல் நாள் பெரிய ரோட்டில் போனோம். வேகத்தடைக்கு வேகத்தடை செம்பு தளும்பியது. தாம்பாளத்தில் விழுந்ததை மாமா ஒரு டம்ளரில் ஊற்றிப் பார்த்தார். முக்கால் டம்ளர். இரண்டாம் நாள் ஆற்றங்கரை ரோடு. ஆற்றில் அப்போது தண்ணீர் இல்லை, வெறும் மணல். ரோட்டில் தாரும் இல்லை. ஒரு டம்ளர் நிறைந்து, மிச்சம் என் பாவாடையில் இருந்தது. இரண்டு நாளிலும் நான் ஒன்றைக் கவனித்துவைத்திருந்தேன். விளிம்பு வரை இருக்கும் தண்ணீர்தான் சிந்துகிறது. கொஞ்சம் இறங்கிவிட்டால் பிறகு எவ்வளவு குலுங்கினாலும் உள்ளேயே ஆடிக்கொண்டு கிடக்கிறது.

மூன்றாம் நாள் சுற்றுவழியில் போனோம். உண்மையைச் சொன்னால் மூன்றில் மோசம் அதுதான். வலங்கைமான் போய்ச் சேர்வதற்குள்ளேயே தாம்பாளத்தில் தண்ணீர் அலை அடித்தது. அங்கே துணிக்கடை வைத்திருந்த ஒரு பாய் வீட்டு வாசலில் மாமா வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போனார். பாயின் குடும்பத்துக்கு மாமா அடிக்கடி வண்டி ஓட்டுவார். அந்தப் பழக்கத்தில், அத்தை வரும்போது இறங்கிக் கால் நீட்டவும் பாத்ரூம் போகவும் அந்த வீட்டில் இடம் கேட்கப் போயிருந்தார். வெளியூர் போனால் பாத்ரூமுக்குப் பயந்து அத்தை தண்ணீரே குடிக்க மாட்டாள் என்பது அவருக்குத் தெரியும். மூன்று வழியிலும் இப்படி ஒரு வீட்டைப் பேசிவைத்திருந்தார். மாமாவை நினைக்கும்போது எனக்கு ரயிலைத் துரத்திய கதை நினைவுக்கு வருவதில்லை. ஒரு டிரைவர் மூன்று ஊரில் மூன்று வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, தன் மனைவிக்காகக் கூச்சப்பட்டுக்கொண்டே இதைக் கேட்டதுதான் நினைவுக்கு வருகிறது.

அந்த நேரத்தில் நான் தாம்பாளத்து நீரை ஜன்னல் வழியாகச் சாய்த்தேன். சந்தேகம் வரக் கூடாதே என்று ஒரு மடக்கு விட்டுவைத்தேன். பிறகு செம்பைத் தூக்கிக் கழுத்துக்குக் கீழே நாலு விரல் இறங்கும் வரை குடித்தேன். வெயிலில் தாகம் எடுத்ததும் உண்மைதான். ஆனால் தாகத்துக்காக நான் குடிக்கவில்லை.

தாராசுரத்தில் மாமா தாம்பாளத்தை வாங்கிப் பார்த்தார். செம்பை அவர் பார்ப்பதில்லை. அதில் மிச்சமிருக்கும் தண்ணீரை மரத்துக்கு ஊற்றுவது என் வேலை, ஊற்றிவிட்டேன்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான் மாமா. சிந்தவே இல்ல."

மாமா அந்த ஒரு மடக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கண் கலங்கியதைப் பார்த்தேன், எதற்கு என்று புரியவில்லை. பிறகு என்னைக் கோயிலுக்குள் அழைத்துப்போனார். அங்கே ஒரு மண்டபம் முழுவதையும் தேராகச் செதுக்கியிருப்பார்கள். கல் சக்கரம், கல் குதிரை. மாமா அந்தச் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்துச் சொன்னார்: "இந்த மாதிரி ஒரு வண்டி கெடச்சா அத்தைய உக்கார வெச்சு நிம்மதியா கூட்டிட்டுப் போயிடலாம் பாப்பா. ஆடாது, அசையாது." ஆனால் அது நகரவும் செய்யாதே மாமா என்றேன். அன்றைக்கு அவர் சத்தமாகச் சிரித்தார். இரண்டு பால் ஐஸ் வாங்கித் தந்தார்.

அதற்குப் பிறகு மாதாமாதம் தாராசுரம் வழிதான். நேரம் இரண்டு பங்கு ஆகும். அத்தை வேப்பிலைக் கொத்தை மடியில் வைத்துக்கொண்டு, தலையணையில் சாய்ந்துகொண்டு வருவாள். வலங்கைமானில் இறங்கினால் பாய் வீட்டம்மா, "வாங்க தங்கச்சி, மொதல்ல தண்ணி குடிங்க, அப்புறம் பேசலாம்" என்று கையைப் பிடித்துக்கொள்வார். அத்தை அவர்கள் வீட்டு முற்றத்தில் நாலு சுற்று நடப்பாள். நான் இரண்டு தடவை கூடப் போனேன். இரண்டு தடவையும் ஐஸ் சாப்பிட்டேன்.

இரண்டாவது தடவை ஆறுகளில் தண்ணீர் வந்திருந்தது. ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறியபோது அத்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். கொஞ்சம் கழித்துத் திறந்து, முன்னால் இருந்த மாமாவுக்குக் கேட்காதபடி என் காதருகே குனிந்தாள்.

"ஏன் பாப்பா, இந்த ரோட்டுலயா செம்பு சிந்தல?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அத்தை என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கோபமில்லை. கன்னத்தை லேசாகத் தட்டினாள்.

"சரி விடு. ஒங்க மாமாவுக்கு இந்த ரோட்டுல வந்தாத்தான் மூச்சு விடமுடியுது. வந்துட்டுப் போறாரு."

ஐப்பசியில், மழை நாளில், பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். வீட்டில் யாருமில்லை. அத்தைக்கு உடம்பு சரியில்லை, மாமா அவளைக் கும்பகோணத்துக்கு வண்டியில் கொண்டுபோயிருக்கிறார், வயலில் இருந்த அம்மாவும் அப்பாவும் கேள்விப்பட்டுப் பின்னாலேயே பஸ்ஸில் போயிருக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அத்தைக்கு அப்போது ஏழாம் மாதம். வளைகாப்புக்கு நாள் பார்த்தாகிவிட்டது, எனக்குப் பட்டுப்பாவாடை தைத்து வந்துவிட்டது. அம்மா மறுநாள் காலையில் வந்தாள். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "கொழந்த தங்கலடி" என்றாள்.

எந்த ரோட்டில் போனார்கள் என்று நான் அவளிடம் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? மாமா வேறு எந்த ரோட்டில் போவார்? கேட்டால் அந்தப் பேச்சு சுற்றிக்கொண்டு என்னிடம் வந்து நிற்கும் என்று பயமாகவும் இருந்தது. அத்தை கண்ணை மூடிய அந்தப் பள்ளம், தாம்பாளத்து நீரை ஜன்னல் வழியாகச் சாய்த்த என் கை, இரண்டும் மாறி மாறி வந்தன. ஒரு பால் ஐஸுக்காக நான் ஒரு குழந்தையைக் கொன்றுவிட்டேன் என்று நம்பினேன். மிகைப்படுத்திச் சொல்லவில்லை. இந்த வார்த்தைகளில்தான் நினைத்தேன்.

மூன்றாம் நாள் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா கொடுத்த காப்பியைத் தொடவில்லை. தாடியோடு, கசங்கிய சட்டையோடு, நான் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த இடத்துக்கு வந்து என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"பாப்பா, ஒண்ணு கேக்கறேன். அன்னைக்கு அந்தத் தாராசுரம் ரோட்டுல… நெசமாவே சிந்தலையா? நல்லா நெனச்சுப் பாரு. ஒருவேளை நீ கவனிக்காம இருந்திருப்ப."

கண்டுபிடித்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். அத்தை சொல்லியிருப்பாள். பென்சிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அவர் கண்ணை நேராகப் பார்த்துச் சொன்னேன்.

"ஒரு சொட்டுகூடச் சிந்தல மாமா. நான் நல்லாப் பார்த்தேன்."

மாமா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரிம்மா" என்று தரையில் கையூன்றி எழுந்து போனார்.

அதோடு நான் தாராசுரம் பக்கம் போகவில்லை. அத்தை வீட்டுக்குப் போவதையும் குறைத்துக்கொண்டேன். பால் ஐஸ் வாங்கிக் கொடுத்தாலும் தொடவில்லை. இவளுக்கு என்ன ஆச்சு என்று அம்மா மந்திரிக்கக்கூட அழைத்துப்போனாள். மூன்று வருடம் கழித்து அத்தைக்கு ஒரு மகள் பிறந்தாள். எல்லோருக்கும் சந்தோஷம். அந்த ஐப்பசியைப் பற்றி வீட்டில் யாரும் வாயெடுப்பதில்லை. நான் ஹாஸ்டலுக்குப் போனேன், காலேஜுக்குப் போனேன், சென்னையில் வேலை, கல்யாணம். உள்ளே அது மட்டும் அப்படியே இருந்தது. நான் உண்டானது தெரிந்த அன்று, வீட்டுக்காரர் சந்தோஷத்தில் யார் யாருக்கோ போன் பண்ணிக்கொண்டிருந்தார். எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தச் செம்புதான்.

போன மாதம் வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்காக அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். கும்பகோணத்துக்குப் போய் டாக்டரிடம் காட்ட வேண்டும். யார் வண்டி என்ற கேள்வியே எழவில்லை. மாமாவுக்கு இப்போது தலை முழுக்க நரைத்துவிட்டது. வேன் போய்க் கார் வந்துவிட்டது. சுற்று வட்டாரத்தில் எந்த ஊரில் பிள்ளைத்தாச்சியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றாலும் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். பிரசவ வண்டி என்றே அந்தக் காருக்குப் பெயர் நிலைத்துவிட்டது. ஒரு காலத்தில் சாமி கும்பிட்டு ஏறிய வண்டிக்கு இப்படி ஒரு பெயர் வந்திருக்கிறதே என்று நான் சென்னையிலிருந்தே சிரித்திருக்கிறேன்.

என்னை முன் சீட்டில் உட்காரவைத்து, சீட்டைப் பின்னால் தள்ளி, இடுப்புக்குத் தலையணை வைத்தார். "பெல்ட்ட வயித்து மேல போடாத. வயித்துக்குக் கீழ, தொடை மேல வரணும். ஆங், அப்படி" என்றார். வண்டி குடவாசலைத் தாண்டி வலங்கைமான் பக்கம் திரும்பியது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"மாமா, இந்த ரோட்டுலயா போறோம்?"

"வேற எந்த ரோட்டுல போறது? எல்லாப் புள்ளத்தாச்சிங்களையும் இதுலதானே கூட்டிட்டுப் போறேன். இந்த ரோட்டுலதான் சிந்தாதுன்னு நீதானே கண்டுபுடிச்ச."

குழந்தையைப் பறிகொடுத்த ரோட்டிலேயே மற்ற பெண்களையெல்லாம் எப்படி அழைத்துப்போகிறார் என்று குழம்பினேன். மாமா ரோட்டைப் பார்த்துக்கொண்டே, இருபத்திரண்டு வருடமாக நான் கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னார்.

"அன்னைக்கு ஒரு நாள் மட்டும் நான் இதுல வரல பாப்பா. மாசாமாசம் இதே ரோட்டுல கூட்டிட்டுப் போனேன், ஒண்ணும் ஆகல. அன்னைக்குக் கொழந்த அசையவே இல்லன்னு ஒங்க அத்தை பயந்துட்டா. சீக்கிரம் போங்கன்னு சொன்னா. நான் புத்திகெட்டுப் போயி பெரிய ரோட்டுல விட்டேன். வண்டில ஏறுறப்ப லேசா ஒரு அசைவு இருந்த மாதிரி இருக்குன்னா. அங்க போனா இல்லன்னுட்டாங்க. கெளம்புறதுக்கு முன்னாடியே போயிருச்சு, ரோட்டால இல்லன்னு டாக்டரம்மா எவ்வளவோ சொன்னாங்க. ஒங்க அத்தையும் சொன்னா. ஏறுறப்ப இருந்துச்சேம்மா. நீ சொன்ன ரோட்டுல போயிருந்தா இருந்திருக்கும்ல? பின்னாடி எம் பொண்ணு இந்த ரோட்டுல போயித்தானே நல்லபடியா பொறந்தா."

அந்த ரோட்டில் நான் ஒரு குழந்தையைக் கொன்றதாக இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ரோட்டில் போகாததால் குழந்தையைக் கொன்றுவிட்டதாக மாமா இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் நல்லது கெட்டதில் ஒரே பந்தலில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம். கல்யாணத்தன்று அவர் காலில் விழுந்து கும்பிட்டிருக்கிறேன். இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

வலங்கைமானில் பாய் வீடு மாடி வீடாக மாறியிருந்தது. அந்த அம்மா இப்போது இல்லை, மருமகள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். முற்றத்தில் நாலு சுற்று நடந்தேன். மறுபடியும் காரில் ஏறினேன். சொல்லாமலே விட்டுவிடலாம் என்று ஊருக்கு ஊர் நினைத்தேன். சொன்னால் இந்த மனிதரின் பிழைப்பு, பெயர், நம்பிக்கை எல்லாம் என்ன ஆகும்? சொல்லாவிட்டால் அவர் சாகும்வரை அந்தப் பெரிய ரோட்டிலேயே நின்றுகொண்டிருப்பார். தாராசுரத்தில் கோயிலுக்கு எதிரே, நான் கொஞ்சம் நடக்கட்டும் என்று மாமா காரை நிறுத்தினார். நான் இறங்கவில்லை.

"மாமா, அன்னைக்கு நான் செம்புத் தண்ணியக் குடிச்சிட்டேன்."

மாமாவுக்குப் புரியவில்லை.

"இந்த ரோட்டுலதான் நெறையச் சிந்துச்சு. நீங்க பாய் வீட்டுக்குள்ள போயிருந்தப்ப தட்டுல இருந்ததக் கீழ ஊத்திட்டேன். செம்புலேருந்தும் குடிச்சிட்டேன். ஐஸுக்காக. மூணு ரோட்டுல இதுதான் மாமா மோசம்."

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார். சுற்றுலா பஸ் ஒன்று வந்து ஆட்களை இறக்கிவிட்டது. அவர்கள் எல்லோரும் உள்ளே போன பிறகு கேட்டார்.

"எவ்வளவு குடிச்ச?"

"கழுத்துக்குக் கீழ நாலு விரல்."

"அப்ப… அன்னைக்கு இதுல வந்திருந்தாலும்…"

"இதுல வந்திருந்தாலும் அதேதான் மாமா. ரோட்டால இல்ல."

மாமா நெற்றியை ஸ்டியரிங்கில் வைத்தார். அவர் தோள் குலுங்கியது. ஐம்பத்தைந்து வயது மனிதர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. முதுகில் கை வைத்தேன். தள்ளிவிடவில்லை. அழுதுகொண்டே, "அறியாப் புள்ள… அறியாப் புள்ளகிட்டல்ல போயிக் கேட்டேன்" என்றார். என்னைத்தான் மன்னிக்கிறார் என்று நினைத்தேன். அதில் கொஞ்சம் தன்னையும் சேர்த்துக்கொண்டார் என்று இப்போது தோன்றுகிறது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் சீட்டுக்கு அடியில் கைவிட்டார். ஒரு துணிப்பையிலிருந்து அந்தப் பித்தளைச் செம்பை எடுத்தார். இத்தனை வருடமும் வண்டியோடு வந்துகொண்டிருந்திருக்கிறது. பாட்டில் தண்ணீரை அதில் விளிம்பு வரை ஊற்றி என்னிடம் நீட்டினார்.

"குடி. வழியில தண்ணி குடிக்கணும்னு அந்தம்மா அன்னைக்கே சொன்னாங்க. நான்தான் அதக் காதுல வாங்காம ரோட்ட அளந்துக்கிட்டுக் கெடந்தேன்."

குடித்தேன். கொஞ்சம் புடவையில் சிந்தியது. இரண்டு பேருமே அதைப் பார்த்தோம்.

திரும்பி வரும்போது மாமா பெரிய ரோட்டில் வந்தார். மெதுவாகத்தான் வந்தார். நாச்சியார்கோவில் தாண்டி ஒரு வளைவில், "இங்கதான் மறுபடியும் சீக்கிரம் போங்கன்னு சொன்னா" என்று மட்டும் சொன்னார்.

அன்றிலிருந்து என் மனம் அந்த மூன்றாம் நாளுக்கே திரும்பத் திரும்பப் போகிறது. என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மாமா கேட்டது விசாரணை இல்லை. நான் பயந்த மாதிரி அவருக்கு என்மேல் எந்தச் சந்தேகமும் இல்லை. "சிந்துச்சு மாமா, அந்த ரோட்டுலயும் நெறையச் சிந்துச்சு" என்று நான் சொல்லிவிட மாட்டேனா என்றுதான் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் செய்த தப்பை ஒப்புக்கொண்டிருந்தால் போதும், அதுவே அவருக்கு விடுதலையாக இருந்திருக்கும். ஒன்பது வயதுக்கு அது தெரியவில்லை. தலை தப்பினால் போதுமென்று அவர் கண்ணை நேராகப் பார்த்து, ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை என்று சொல்லி அவரை அனுப்பிவைத்தேன்.